மூன்றாவது வரிசையில் அப்பா

ஏப்ரல் 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டைக்குப் போய்விடுகிறோம். போன தடவை நீ ரிசீவரை வைத்த வேகத்தில் எனக்குக் காது அடைத்துப்போனது. கடிதம் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது. அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்த விஷயத்தை முடித்துவிடுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் எனக்காக வெள்ளையடித்து வைத்திருக்கும் மாடி அறையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "யோசிக்கிறேன்" என்றுதான் சொன்னேன். அம்மா போனதிலிருந்து நான் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, டீவியோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குக் கவலை. நியாயம்தான். ஆனால் ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனுக்கு, இருக்கிற வீட்டை விட்டு மாறு என்றால் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன மாதிரி திகைப்பாக இருக்கிறது. சித்தப்பா விமான டிக்கெட் அனுப்பினான், கொஞ்ச நாள் ஊர் மாறினால் புத்தி தெளியும் என்று வந்தேன். உங்களை விட்டு ஓடி வந்ததாக நினைக்காதே.

இப்போது ஒரு சந்தோசமான சேதி. நம் சனிக்கிழமை நிகழ்ச்சி இருக்கிறதே, 'பெட்டிக்குள் என்ன?', அதைப் படம் பிடிக்கிற இடத்துக்கே போய் வந்தேன்! சித்தப்பா வீட்டிலிருந்து ஒரே பஸ். அம்மா இருந்திருந்தால் அந்த பஸ்ஸுக்கு முன்னால் ஓடியிருப்பாள்.

உள்ளே போனதும் முதலில் ஏமாற்றம். எவ்வளவு சின்ன இடம்! டீவியில் அரண்மனை மாதிரி தெரியுமே, அந்தப் படிக்கட்டு வெறும் ஒட்டுப்பலகை. தங்கத் திரையின் மூலையில் கிழிசலுக்கு டேப் ஒட்டியிருக்கிறார்கள். பெட்டி மேலேயிருந்து மிதந்து இறங்குமே, அதை இரண்டு பேர் பின்னால் நின்று சக்கரம் சுற்றி இறக்குகிறார்கள். ஒரு பக்கத்துக் கம்பி தொய்வு. எனக்குக் கை பரபரவென்று வந்தது. எழுந்து போய் இழுத்துக் கட்டிவிட்டு வந்திருப்பேன், காவலாளி முறைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா 'பல்லழகன்' என்று பெயர் வைத்தாளே, நிகழ்ச்சி நடத்துகிறவர், நேரில் குள்ளம். கேமரா ஓடும்போது முகமெல்லாம் சிரிப்பு. நின்றதும் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி. மேக்கப் கலையக் கூடாதென்று தண்ணீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறார். 'கைதட்டு' என்று ஒரு பலகை எரிந்தால் நாங்கள் தட்ட வேண்டும். போட்டியில் வந்த பெண்மணி ஒரே இடத்தில் மூன்று முறை ஆச்சரியப்பட்டார், கேமராக்காரருக்குத் திருப்தி இல்லாததால்.

பெட்டிக்குள் என்ன என்று எங்களுக்கு மட்டும் காட்டினார்கள். ஷூ மாட்டும்போது குதிகாலுக்குக் கீழே சொருகுவார்களே, அந்தக் கரண்டி. அது தெரியாமல் அந்தப் பெண்மணி, "வாயில் வைக்கலாமா?" என்று கேட்டார் பார், கூட்டமே உருண்டது. அம்மா இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்திருப்பாள்.

சித்தப்பாவும் நானும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். மே நடுவில் ஒளிபரப்பாம். பார்.

அன்புடன்,
அப்பா


ஏப்ரல் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. 'சந்தோசம்' இல்லை, 'சந்தோஷம்'. கோபித்துக்கொள்ளாதீர்கள். அச்சகத்தில் நாள் முழுக்க ஊரார் பிழையைத் திருத்திவிட்டு வருகிறேன், வீட்டிலும் கை சிவப்புப் பேனாவைத் தேடுகிறது.

கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். பால் பொங்கி வழிந்தது. உங்கள் மாப்பிள்ளை வந்து அடுப்பை அணைத்தார்.

அம்மா சனிக்கிழமை ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் வேலை முடிந்து வந்ததும் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்காருவாள், ஞாபகம் இருக்கிறதா? அந்த பாஷை அவளுக்குப் பாதிதான் புரியும். மீதியைப் பல்லழகன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். "இரும்பான்னு கேளேன்டி! இரும்பான்னு கேளு!" என்று டீவிக்குள் இருப்பவளை அதட்டுவாள். கீழ்வீட்டுக்காரர் ஒரு முறை நாம் சண்டை போடுகிறோம் என்று நினைத்து மேலே ஏறி வந்தாரே.

நிகழ்ச்சி முடிந்ததும் நம் வீட்டு ஆட்டம். அம்மா எதையாவது துண்டால் மூடிக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைப்பாள். நாம் கேட்க வேண்டும். நீங்கள் வேண்டுமென்றே கோணல் கேள்வியாகக் கேட்பீர்கள். "இதுக்குப் பசிக்குமா?" "இது எப்பவாவது பொய் சொல்லியிருக்கா?" நான் சிரித்து முடிப்பதற்குள் என் முறை போய்விடும், கடைசியில் பாத்திரம் தேய்ப்பது நான். அது சதி என்று எனக்குப் பெரியவளான பிறகுதான் புரிந்தது.

நிகழ்ச்சியைக் கட்டாயம் பார்க்கிறேன். அத்தையும் பார்க்க வேண்டுமாம். சம்பந்தி டீவியில் வருகிறார் என்று பக்கத்து வீட்டிலும் சொல்லியாயிற்று.

அறையைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. ஜன்னலுக்கு நீலத் திரை போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அன்புடன்,
பாப்பா


மே 17

அப்பாவுக்கு,

நேற்று நிகழ்ச்சி வந்தது. நான், அவர், அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, அவருடைய பெண்கள் எல்லோரும் பார்த்தோம். உங்களைத் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. கேமரா உங்கள் மேல் வந்து நின்றது. முதலில் முகம் முழுத் திரைக்கும் வந்தது, பிறகு கேமரா பின்வாங்கியது.

சித்தப்பா எங்கே?

உங்கள் பக்கத்தில் இருந்தவர் சாம்பல் நிறச் சால்வை போட்ட ஒரு பெண்மணி. உங்கள் தோளோடு தோள் ஒட்டிச் சாய்ந்திருந்தார். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் கை உங்கள் கைமேல் இருந்தது.

உங்கள் மாப்பிள்ளை டீவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு அத்தை சொன்னார், "உங்கப்பாவுக்கு அங்க நல்லாப் பொழுது போகுது போலிருக்கே. நல்லதுதான்மா." அவர் குத்திச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

நான் உங்களை ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அது யார்?

பாப்பா


மே 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. நீ நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை.

அன்றைக்குக் காலையில் சித்தப்பாவை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சித்திக்கு முட்டி வலி, வரிசையில் நிற்க முடியாது. டிக்கெட் வீணாகிறதே என்று சித்திதான் எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். அவர் இங்கே பொது நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா அம்மாவோடு இந்த ஊருக்கு வந்துவிட்டவர், ஆனால் நம் பாஷை பேசுவார். அதுவும் வீட்டுப் பெரியவர்களிடம் கற்ற பழைய பேச்சு. முதல் நாள் என்னைப் பார்த்து, "தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்றார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

பல்லழகன் பேசுவது எனக்குப் புரியாதே, அதை அவர் காதில் சொல்லிக்கொண்டு வந்தார். அதனால்தான் சாய்ந்திருந்தார்.

சிரிப்பு விஷயம். நிகழ்ச்சி ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஒரு ஆள் வந்து எங்களைச் சிரிக்கச் சொன்னார். "இப்ப சிரிங்க... இன்னும் பலமா... இப்ப ஆச்சரியப்படுங்க." அதைத் தனியாக எடுத்துவைத்து, பிறகு வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்களாம். நீ பார்த்தது அந்தச் சிரிப்பு. சொல்லிச் செய்தது.

சித்தப்பாவோடு போனேன் என்று எழுதியது சுருக்கமாக இருக்கட்டும் என்றுதான். மாப்பிள்ளையிடமும் சம்பந்தியம்மாவிடமும் விளக்கிச் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா


ஜூன் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

பிழைதிருத்துகிறவளுக்குக் கஷ்டமான வேலை எது தெரியுமா? தப்பாக அச்சான எழுத்து கண்ணில் குத்திவிடும். விட்டுப்போன வார்த்தைதான் கண்ணில் படாது. வாக்கியம் அது இல்லாமலும் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஒட்டுப்பலகை வந்தது, டேப் வந்தது, ஸ்ட்ரா வந்தது, காவலாளிகூட வந்தார். மணிக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து காதில் பேசிய ஒருவர் வரவில்லை.

சொல்லிச் சிரித்த சிரிப்பு என்கிறீர்கள். அப்பா, நான் உங்கள் மகள். என் கல்யாண போட்டோவில் போட்டோக்காரர் சொல்லிச் சிரித்தீர்களே, அது எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு, பல் வலிக்காரர் மாதிரி. டீவியில் பார்த்தது அது இல்லை. கண் இரண்டும் இடுங்கி, தோள் குலுங்கி, கடைசியில் சத்தமே வராமல் மூச்சுக்குத் திணறுவீர்களே, அந்தச் சிரிப்பு. அம்மா இருக்கும்போது பார்த்தது. அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை.

எனக்குக் கோபம் அந்த அம்மா மேல் இல்லை. இருந்தது, இப்போது இல்லை. நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் வீட்டுக்கு வந்து, ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்து, உங்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, ஆபீஸ் கதையெல்லாம் சொல்லி, எப்படியாவது உங்களைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று பாடாய்ப்பட்டிருக்கிறேன். நீங்கள் "ம்" என்பீர்கள். "நல்லாருக்கும்மா" என்பீர்கள். யாரோ ஒருவர் ஒரே சாயங்காலத்தில் அதைச் செய்துவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் உங்கள் காதில் அப்படி என்னதான் சொன்னார்?

பாப்பா


ஜூன் 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். சித்தி, "என்ன, பரீட்சையா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அதுதான்.

நீ பார்த்த அந்த நேரத்தில் அவர் என் காதில் எதுவும் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்பதற்காகச் சாய்ந்திருந்தார்.

போட்டிக்கு வந்த பெண்மணி, "வாயில் வைக்கலாமா?" என்று கேட்டதும் எனக்கு உன் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. நீ ரொம்பச் சின்னவள் அப்போது. ஒரு சனிக்கிழமை, நீ என் மடியிலேயே தூங்கிப்போயிருந்தாய். அம்மா வழக்கம்போல் துண்டால் மூடிக் கொண்டுவந்து வைத்தாள். நல்ல பெரிய சாமானாகத்தான் தெரிந்தது, துண்டை அப்படித் தூக்கலாக நிறுத்தியிருந்தாள். நான் கேட்கிறேன். இரும்பா? இல்லை. மரமா? இல்லை. கண்ணாடியா? இல்லை. சாப்பிடலாமா? இல்லை. சமையலறையில் இருக்குமா? யோசித்துவிட்டு, "சில சமயம் மாசக் கடைசில இருக்கும்" என்கிறாள். படுக்கையறையில்? "உங்க சட்டைப் பைல எப்பவும் இருக்கும்." நானும் விடவில்லை, சட்டைப் பையில் இருக்கும் அத்தனையும் சொல்லியாயிற்று. கடைசியில் தோற்றேன் என்று சொல்லித் துண்டைத் தூக்கினால், கீழே ஒன்றுமே இல்லை. துண்டுக்குக் கஞ்சி போட்டு அப்படி நிற்க வைத்திருக்கிறாள்! "ஒண்ணுமில்லைங்கிறதுதான் பதில்" என்றாள். நீ எழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கினேன், நீ தூக்கத்திலேயே என் சட்டையைப் பிடித்துக்கொண்டாய்.

அதை அந்த அம்மாவுக்குச் சொன்னேன். "மாசக் கடைசில இருக்கும்" என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கேமரா திரும்பியிருக்கிறது. நான் மூச்சுத் திணறுகிறேன் என்று பயந்துதான் அவர் என் கையைப் பிடித்தார்.

ஆக, நீ பார்த்த சிரிப்பு அம்மா சிரிக்க வைத்த சிரிப்புதான். இதோடு நிறுத்திக்கொண்டால் நீ சமாதானமாகிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது பாதிதான்.

மீதி இது. அன்றைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் தினமும் காலையில் ஏரிக்கரையில் நடக்கிறோம். அவர் பேப்பர் படித்துச் சொல்கிறார். அவர் வீட்டுக் கதவுக் கீலை நான் சரிசெய்து கொடுத்தேன். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. கல்யாணம் கில்யாணம் என்று நீ பயப்பட வேண்டாம், எங்கள் இருவருக்குமே அந்த எண்ணம் இல்லை. அவரோடு பேச எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் கடிதத்தில் 'எதிர்வீட்டு அம்மாவோடு' என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எழுதும்போதே பிடித்திருப்பது தெரிந்துவிட்டது. பயந்துபோய்ச் சித்தப்பா என்று போட்டேன்.

நீ ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி எழுதியிருந்தாய். நான் அதைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். உன்மேல் குறை எதுவும் இல்லை, பாப்பா. யோசித்துப் பார். அம்மா போனதிலிருந்து நீயும் நானும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ அழுவாய் என்று நான் பேசுவதில்லை. நான் உடைந்துவிடுவேன் என்று நீ பேசுவதில்லை. நீ வந்தால் அவள் நாற்காலியைச் சுற்றி நடந்துபோவாய், உட்கார மாட்டாய். இந்த அம்மாவுக்கு அவளைத் தெரியாது. "பிறகு என்ன செய்தார்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டார். நான் சொன்னேன். அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். நான் உன் வீட்டு மாடிக்கு வந்து இருக்கப் போவதில்லை. நம் வீட்டில் அம்மா இருந்தாள், நான் அங்கேயே இருந்துகொள்கிறேன். என்னைத் தூக்கி ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை இன்னும் வரவில்லை. வந்தால் நானே சொல்கிறேன்.

செப்டம்பரில்தான் திரும்புகிறேன். அந்த அம்மாவுக்குப் பெற்றோர் பிறந்த ஊரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசை. என்னோடு கிளம்பி வரலாமா என்று கேட்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

அப்பா


ஜூலை 1

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை ஆபீஸில் வைத்துப் பிரித்தது என் தப்பு. பக்கத்து மேஜைக்காரர், "என்னம்மா, யாராவது...?" என்று கேட்டார். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான். பாதி நாள் லீவு போட்டுவிட்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். சாவி என்னிடம்தானே இருக்கிறது. ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன்.

அந்தக் கஞ்சி போட்ட துண்டு எனக்குத் தெரியவே தெரியாது. அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் முடிந்துவிட்டது, இனிமேல் இருப்பதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்தேன். புதிதாக ஒன்று வரும் என்று நினைக்கவில்லை. "மாசக் கடைசில இருக்கும்" என்று அவள் குரலிலேயே கேட்டது. அதை அந்த அம்மா எனக்கு முன்னால் கேட்டுவிட்டார் என்பதில் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

அறைக்கு வர மாட்டேன் என்று நீங்கள் இவ்வளவு நேராக முன்பே சொல்லியிருக்கலாம். எனக்கு வருத்தம்தான். அது போக நாளாகும். உங்கள் மாப்பிள்ளை, "உனக்கு அப்பா வேணுமா, வாடகைக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டார். அவரோடு ஒரு நாள் பேசவில்லை. பிறகு அவர் சொன்னது சரி என்று பட்டது, அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்த அம்மாவை வரச் சொல்லுங்கள். ஆனால் இங்கே எங்கள் வீட்டு மாடியில் தங்கட்டும். நீங்கள் அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று பயப்படுகிறேன் என்று நினைப்பீர்கள். அது கொஞ்சம் உண்டு. அதைவிட, உங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் வருஷக்கணக்காக விழுவதில்லை. எதிர்வீட்டுக் கீலையெல்லாம் சரிசெய்கிற மெக்கானிக் வீட்டில்! ஒரு பெண்பிள்ளை எப்படித் தங்குவாள்? அவங்களுக்குக் காரம் ஆகுமா, தலையணை ஒன்று போதுமா என்று கேட்டு எழுதுங்கள்.

அத்தையும் விமான நிலையத்துக்கு வருகிறாராம். எதற்கு என்று கேட்டேன். "சம்பந்தி வர்றாரு, மரியாதைக்கு" என்கிறார். மரியாதைக்கு இப்போதே புது மூக்குக்கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

அப்பா, வந்த அன்றைக்கே வேண்டாம், களைப்பாக இருப்பீர்கள். மறுநாள், இல்லை அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் வருகிறேன். சமைக்க மாட்டேன், எதையும் சுத்தம் செய்ய மாட்டேன். நான் தூங்கிப்போன பிறகு நடந்தது, நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, எது வேண்டுமானாலும் சரி, அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாத இன்னொன்று சொல்லுங்கள். நான் அழுவேன். நீங்கள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும், நிறுத்தக் கூடாது.

உங்கள்,
பாப்பா